முடக்குவாதம் வயிற்றில் தொடங்குகிறதா? வாசகர் கேள்வியும் டாக்டர் பதிலும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: குடலில் வாழும் பாக்டீரியாவுக்கும், ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் (ஆர்.ஏ.) என்று சொல்லும் முடக்குவாத மூட்டு நோய்க்கும் என்ன உறவு? வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு வீடியோதான் காரணம் என்று கடிதங்களைப் படித்தால் தெரிகிறது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இதையே எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு 38 வயது. வீட்டில் பீடி சுற்றுகிறேன். மூன்று மாதமாகக் காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் மடங்குவதில்லை. சுடுதண்ணீரில் கையை வைத்து, ஒரு மணி நேரம் போனபிறகுதான் முறத்தை மடியில் வைக்க முடிகிறது. ரத்தம் பார்த்துவிட்டு முடக்குவாதம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இன்னும் ஆரம்பிக்கவில்லை. இந்த நோய் வயிற்றுக் கிருமியால் வருவது, குடலைச் சுத்தம் செய்தால் மாத்திரையே வேண்டாம் என்று வீடியோவில் சொல்கிறார்கள். பொடி ஒரு டப்பா 1,800 ரூபாய். வாங்கலாமா டாக்டரம்மா?
– குடியாத்தம் வாசகி

வாங்காதீர்கள் அம்மா. அந்தப் பணத்தை பஸ் செலவுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் வைத்துக்கொண்டு, மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இந்த வாரமே போங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தாலோ, இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் இருந்தாலோ அதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். சில மாத்திரைகளை அப்போது தரக்கூடாது. மற்றபடி தள்ளிப்போட வேண்டாம். முடக்குவாதத்தில் முதல் சில மாதங்கள் பொன்னானவை. அறிகுறி தொடங்கி மூன்று மாதத்துக்குள் மருந்து ஆரம்பித்துவிட வேண்டும் என்றுதான் மூட்டு நோய் மருத்துவர்கள் சொல்கிறோம். உங்களுக்கு அந்த மூன்று மாதம் ஏற்கெனவே ஆகிவிட்டது.

இனி வீடியோவுக்கு வருகிறேன். அதில் சொல்வது முழுப் பொய் அல்ல. அதனால்தான் எனக்குக் கவலை அதிகம்.

2013இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு வந்தது. முடக்குவாதம் புதிதாகத் தொடங்கி, இன்னும் எந்த மருந்தும் சாப்பிடாத 44 பேரின் மலத்தைச் சோதித்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் பிரிவோடெல்லா கோப்ரி என்ற பாக்டீரியா இருந்தது. நோயில்லாதவர்களிடம் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம்தான் இருந்தது. இரண்டு ஆண்டு கழித்து சீனாவில் நடந்த ஆய்வில், நோயாளிகளின் வாயிலும் குடலிலும் பாக்டீரியாக் கூட்டம் மாறியிருப்பதையும், மருந்து வேலை செய்த பிறகு அந்த மாற்றம் ஓரளவு சரியாவதையும் கண்டார்கள். இதைக் கவனியுங்கள்: மூட்டுக்குச் சாப்பிட்ட மருந்தால் குடலும் சீரடைந்திருக்கிறது.

2022இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு படி மேலே போனார்கள். முடக்குவாதம் வரும் ஆபத்துள்ளவர்களின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புப் புரதங்களை, அதாவது ஆன்டிபாடிகளை, எடுத்து, அவை எந்தக் குடல் பாக்டீரியாவின் மேல் போய் ஒட்டுகின்றன என்று தேடினார்கள். சப்டோலிகிரானுலம் என்ற இனத்தில் ஒன்று மாட்டியது. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு அந்த ஒன்றை மட்டும் கொடுத்தபோது எலிகளின் பாதங்கள் வீங்கின. குடலில் இருக்கும் ஓர் உயிர் தூரத்து மூட்டை வீங்க வைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

எப்படி நடக்கிறது? குடலின் உள்தோல் ஒரே ஒரு அடுக்கு செல்களால் ஆனது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இறுக்கமான பிணைப்பு உண்டு. நார்ச்சத்துள்ள உணவு வந்தால் நல்ல பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களைத் தருகின்றன. அந்த அமிலங்கள் பிணைப்பையும் காக்கும், சினமுற்ற ரத்த வெள்ளணுக்களையும் அடக்கும். கூட்டம் மாறிவிட்டால் பிணைப்பு தளர்கிறது. பாக்டீரியாத் துணுக்குகள் உள்ளே கசிகின்றன. உடம்பின் காவல் அணுக்கள் குடலிலேயே தவறான பாடம் படித்து, மூட்டுக்குள் போய் அங்கிருக்கும் சொந்தச் சவ்வைத் தாக்குகின்றன. பரம்பரையாக அதற்கு வாகான மரபணு உள்ளவர்களிடம்தான் இது பெரும்பாலும் நடக்கிறது. புகை அதைத் தூண்டிவிடுகிறது.

ஆனால் அம்மா, நியூயார்க் ஆய்வில் பிடிபட்ட அதே பிரிவோடெல்லா, தானியமும் பருப்பும் கீரையும் சாப்பிட்டு வாழும் கிராமத்து மக்களின் வயிற்றில் உலகம் முழுக்க ஏராளமாக இருக்கிறது. இந்தியர்கள் பலரிடமும் இருக்கிறது. அது இருந்தாலே நோய் என்றால் நம் ஊரில் பாதிப் பேருக்குக் கை மடங்காது. முடக்குவாதம் வருவதோ நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான். ஆகவே இந்தக் கிருமிதான் குற்றவாளி, அதை வெளியே தள்ளிவிட்டால் தீர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று, காலக்கணக்கு. ஆன்டி சி.சி.பி. என்ற ஆன்டிபாடி விரல் வீங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் வந்துவிடுகிறது. குடலிலோ, ஈறிலோ, நுரையீரலிலோ தொடங்கியது அப்போது தொடங்கியது. இன்று நோய் உங்கள் மூட்டுச் சவ்வில் இருக்கிறது. கூரையில் தீப்பிடித்த பிறகு அடுப்பை மட்டும் அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது. பேதிக்குக் கொடுத்துக் குடலைக் கழுவினால் சில நாள்களில் அதே பாக்டீரியாக்கள் திரும்பவும் பெருகிவிடும். அரித்துப்போன எலும்பு மட்டும் பழையபடி ஆகாது.

நான் குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவள். என் பெரியம்மா பீடி சுற்றியவர். அவருடைய விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. சரவாங்கி என்று சொல்லி எண்ணெய் தேய்த்தார்கள். இலை சுருட்டிச் சுருட்டி வந்த வலி என்றார்கள். இன்றும் பேரணாம்பட்டிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் வரும் பெண்கள் இதையே சொல்கிறார்கள், வேலையால் வந்த வலி என்று. வேலை வலி, வேலை செய்யச் செய்யக் கூடும், ஓய்வில் குறையும். முடக்குவாதம் தலைகீழ்: தூங்கி எழுந்ததும் இறுகியிருக்கும், கையை அசைக்க அசைக்க இளகும். இரண்டு கையிலும் ஒருசேர வரும். முஷ்டி மூட்டும் விரலின் நடு மூட்டும் வீங்கும். நகத்துக்குப் பக்கத்து மூட்டைப் பெரும்பாலும் தொடாது. உங்கள் கடிதத்தில் எழுதியிருப்பது அப்படியே இதுதான்.

பொடியைப் பற்றிக் கடைசியாக ஒன்று. சாப்பிட்ட இரண்டாம் நாளே வலி பறந்துபோகும் பொடி என்றால் எனக்குப் பயம் அதிகமாகிறது. ஸ்டீராய்டு கலந்த பொடிகள் மூட்டுவலிக்கு விற்கப்படுவது மருத்துவர்கள் அறிந்த சங்கதி. முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு மெலிந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே சில வாரம் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல், டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.

என் மனைவிக்கு ஓராண்டாக முடக்குவாதம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், முக்கால்வாசி குணம். பட்டுத்தறி வீடு எங்களுடையது. மாத்திரையோடு சாப்பாட்டில் என்ன மாற்றினால் நல்லது? கத்தரிக்காய், புளி, தக்காளி கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.
– ஆரணி வாசகர்

“மாத்திரையோடு” என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்காகவே விரிவாக எழுதுகிறேன்.

உணவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டா என்று நார்வேயில் 53 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள், 1991இல் வெளியானது. ஒரு பிரிவினர் ஏழு முதல் பத்து நாள் விரதம் போல இருந்து, பிறகு ஓராண்டு மரக்கறி உணவு சாப்பிட்டார்கள். வலி, வீக்கம், காலை இறுக்கம் குறைந்தன. நன்றாகத் தேறியவர்களின் குடல் பாக்டீரியாக் கூட்டமும் மாறியிருந்தது. இதைப் படித்துவிட்டு உங்கள் மனைவியைப் பட்டினி போடாதீர்கள். விரதத்தில் குறைந்த வலி, வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பியதும் திரும்பிவிடுகிறது. முடக்குவாதக்காரர்களுக்கு ஏற்கெனவே தசை கரையும், ரத்தம் குறையும். பட்டினி அதைக் கூட்டும். ஜெர்மனியின் எர்லாங்கனில், நோயாளிகளுக்கு நான்கு வாரம் நார்ச்சத்து நிறைந்த உணவு கொடுத்தார்கள். அழற்சியை அடக்கும் அணுக்கள் ரத்தத்தில் கூடின. மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. நாரைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான்.

நாருக்காக நீங்கள் கடையில் தேட வேண்டியதில்லை. நம் வட ஆற்காட்டுச் சமையலறையில் இருந்ததைத் திரும்பக் கொண்டுவந்தால் போதும். கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், காராமணி, மொச்சை, கொள்ளு, முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம். காலையில் வெள்ளை இட்லி மட்டும், மதியம் பாலிஷ் அரிசி மட்டும், சாயங்காலம் பேக்கரி பன் என்று இப்போது பல வீடுகளில் ஓடுகிறது. குடல் பாக்டீரியாவுக்கு அதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள், வயிறு உப்பும். முதலில் இரவுச் சாப்பாட்டை மாற்றுங்கள், இரண்டு வாரம் பொறுத்து மதியத்தில் ஒரு கைப்பிடி பயறு சேருங்கள். பழைய சோறும் மோரும் தாராளமாகச் சாப்பிடலாம். அவை மூட்டு நோயை ஆற்றும் மருந்து என்று நான் எழுத மாட்டேன், ஆனால் நல்ல சாப்பாடு. மீன் சாப்பிடுகிறவர்கள் என்றால் மத்தி, கானாங்கெளுத்தி வாரம் இரண்டு முறை. எண்ணெய்ப் பலகாரம், பாக்கெட் தின்பண்டம், இனிப்பு பானம் குறையட்டும்.

கத்தரிக்காய் மேல் எனக்குக் கோபம் இல்லை. இலவம்பாடி முள்ளுக்கத்தரி விளைகிற வட ஆற்காட்டில் பிறந்தவர்கள் ஏன் அதை விட வேண்டும்? கத்தரியோ புளியோ தக்காளியோ முடக்குவாதத்தைக் கூட்டும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. சாப்பிட்டு ஒவ்வொரு முறையும் வலி கூடுகிறது என்று உங்கள் மனைவியே உறுதியாகக் கண்டால் அவர் மட்டும் தவிர்க்கட்டும்.

தறியில் உட்காரும் முன் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து, விரல்களை மெதுவாக மடக்கி நீட்டச் சொல்லுங்கள். உடற்பயிற்சிக்கு இருக்கும் ஆதாரம் எந்த உணவுக்கும் இருப்பதைவிட வலுவானது.

என் அம்மாவுக்கு முடக்குவாதம். எனக்கு 24 வயது, ஷூ கம்பெனியில் வேலை. மலத்தை அனுப்பினால் எந்த பாக்டீரியா எவ்வளவு என்று அச்சிட்டுத் தருவதாக ஒரு விளம்பரம், பல ஆயிரம் ரூபாய். எனக்கும் வருமா என்று அதில் தெரியுமா?
– ஆம்பூர் வாசகர்

தெரியாது தம்பி. அந்தத் தாளை வைத்து முடக்குவாதம் வரும், வராது என்று சொல்லும் அறிவு இன்று எந்த மருத்துவரிடமும் இல்லை. பணத்தைச் சேமியுங்கள். அம்மாவுக்கு இருந்தால் மகனுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும், ஆனால் வராமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். உங்கள் கையில் இருப்பது ஒன்று: சிகரெட், பீடி இருந்தால் விட்டுவிடுங்கள். இந்த நோய்க்கு வாகான மரபணுவும் புகையும் சேரும்போதுதான் ஆபத்து பல மடங்காகிறது. காலை இறுக்கம் அரை மணிக்கு மேல் நீடித்து, ஆறு வாரம் போகாமல் இருந்தால் மட்டும் ரத்தத்தில் ஆன்டி சி.சி.பி.யும், அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி.யும் பாருங்கள். ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தச் சோதனை ஒன்றை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். காசநோயிலும் தொழுநோயிலும் கல்லீரல் தொற்றிலும் அது கூடலாம். சிக்குன்குனியாவுக்குப் பிறகும் மாதக்கணக்கில் இதே மாதிரி மூட்டு பிடிக்கும். காய்ச்சல் வந்து போனதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். பல ஆண்டுகளாகப் பல் துலக்கினால் ஈறில் ரத்தம். இப்போது முடக்குவாதமும் சேர்ந்துவிட்டது. குடலைப் பற்றியே பேசுகிறார்கள், வாயைப் பற்றி யாரும் பேசவில்லையே?
– ராணிப்பேட்டை வாசகர்

சரியான இடத்தில் கை வைத்தீர்கள் ஐயா. எனக்கு இதைக் கேட்டால் மகிழ்ச்சி, ஏனென்றால் ஈறு விஷயத்திலும் ஆதாரம் சேர்ந்திருக்கிறது.

ஈறு நோயில் பெருகும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியாவிடம் ஒரு நொதி இருக்கிறது. நம் புரதத்தில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை அது சிட்ருலின் என்ற வேறொன்றாக மாற்றிவிடும். மாறிய புரதத்தை உடம்பு அந்நியமாக நினைத்து எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பைத்தான் ஆன்டி சி.சி.பி. சோதனையில் அளக்கிறோம். அக்ரிகேட்டிபாக்டர் என்ற இன்னொரு ஈறு பாக்டீரியா வேறு வழியில் அதே வேலையைச் செய்வதாக 2016இல் கண்டார்கள். ஈறு நோயும் முடக்குவாதமும் சேர்ந்தவர்களிடம் வாய்ப் பாக்டீரியாக்கள் அடிக்கடி ரத்தத்துக்குள் கசிவதை 2023இல் வந்த ஆய்வு காட்டியது. விழுங்கும் எச்சிலோடு இவை குடலுக்கும் போகின்றன.

பல் டாக்டரிடம் போய் ஈறுக்குக் கீழே படிந்த காரையை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வையுங்கள். புகையிலை, பான் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். முடக்குவாதத்தில் வாயும் கண்ணும் வறண்டுபோவது உண்டு, வறண்ட வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும். விரல் மடங்காமல் பிரஷ் பிடிக்க முடியவில்லை என்றால் கைப்பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக்கொள்ளுங்கள். என்னிடம் வரும் பலர் பல் துலக்குவதைக் கைவிட்டது இந்த ஒரு காரணத்தால்தான்; யாரும் கேட்காததால் அவர்களும் சொல்வதில்லை.

குடல் பாக்டீரியா ஆராய்ச்சி எல்லாம் வெளிநாட்டில்தானா? நுண்ணுயிரியல் படிக்கிறேன்.
– காட்பாடி கல்லூரி மாணவி

இல்லை மகளே, உங்கள் வாசலிலேயே நடந்திருக்கிறது. 1960களின் தொடக்கத்தில், மாவட்டம் இன்னும் பிரிக்கப்படாத வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற நோய் கொள்ளைநோய் போலப் பரவியது. நிற்காத பேதி, உடம்பு உருகுதல், ரத்தசோகை, ஏராளமானவர்கள் இறந்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் ஊர் ஊராகப் போய் அதை ஆராய்ந்தார்கள். சிறுகுடலில் எந்தப் பாக்டீரியா எவ்வளவு இருக்கிறது என்று, ஸ்ப்ரூ நோயாளிகளிடமும் நோயில்லாத தென்னிந்தியர்களிடமும் ஒப்பிட்டு 1972இல் கட்டுரை எழுதினார்கள். மரபணுவைப் படிக்கும் இயந்திரங்கள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு, வளர்ப்புத் தட்டில் வளர்த்து எண்ணிய காலம் அது. நோயில்லாத நம் ஊர்க்காரர்களின் குடல் உள்தோலே மேலைநாட்டவருடையதிலிருந்து மாறுபட்டிருப்பதையும் அந்தக் குழுதான் காட்டியது. நியூயார்க் மலத்தில் கண்டதை அப்படியே காட்பாடிக்குப் பொருத்த முடியாது என்று நான் சொல்வதற்கு அடிப்படை அங்கேயே இருக்கிறது. நீங்கள் இந்தத் துறைக்கு வாருங்கள். கேழ்வரகு தின்னும் வயிற்றில் பிரிவோடெல்லா நண்பனா பகைவனா என்பதை நம் பிள்ளைகள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்கு சல்ஃபாசலசினும் மெத்தோட்ரெக்சேட்டும் எழுதியிருக்கிறார்கள். மாத்திரை குடல் கிருமிகளைக் கொன்றுவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அப்படியானால் நோய் கூடாதா? ஆன்டிபயாடிக் கொடுத்தே கிருமியைத் தீர்க்கக்கூடாதா?
– வாலாஜாபேட்டை வாசகர்

முதலில் ஆன்டிபயாடிக். மினோசைக்ளின் என்ற மருந்தை 1990களில் முடக்குவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓரளவு பலன் இருந்தது. ஆனால் இன்றைய மருந்துகளுக்கு ஈடாகவில்லை. சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவது நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழிக்கும். அதை நிறுத்துங்கள்.

சல்ஃபாசலசின் கதை உங்கள் பயத்துக்கு நல்ல பதில். நான்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் 1930களின் இறுதியில் இதை உருவாக்க முனைந்தார். முடக்குவாதம் கிருமியால் வருகிறது என்று அவர் நம்பினார். கிருமியைக் கொல்லும் சல்ஃபா மருந்தையும் வீக்கத்தைக் குறைக்கும் சாலிசிலேட்டையும் ஒன்றாகக் கோத்துத் தந்தார். இந்த மாத்திரை பெருங்குடலுக்குப் போனதும் அந்தக் கோர்வையை அறுத்து மருந்தை விடுவிப்பது யார் தெரியுமா? அங்கே வாழும் பாக்டீரியாக்கள்தான். அவை இல்லாவிட்டால் இந்த மருந்து வேலையே செய்யாது. மெத்தோட்ரெக்சேட் யாருக்கு நன்றாகப் பிடிக்கும் என்பதிலும் குடல் பாக்டீரியாவுக்குப் பங்கிருப்பதாக 2021இல் வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டியது. மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. ஞாயிறோ புதனோ, ஒரு கிழமையைக் குறித்து, அட்டையின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். டாக்டர் சொன்ன வேறு நாளில் ஃபோலிக் ஆசிட். மது கூடவே கூடாது. ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் ஆரம்பத்தில் அடிக்கடியும், பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பாருங்கள். சல்ஃபா மருந்தில் முன்பு தோல் தடித்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். சல்ஃபாசலசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால் ஆண்களும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்: சல்ஃபாசலசின் விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும், நிறுத்தினால் திரும்பிவிடும். காய்ச்சல், தொண்டைப் புண், வாய்ப் புண், மூச்சு வாங்கும் வறட்டு இருமல் இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே போய் ரத்தம் பாருங்கள்.